ஸ்கெட்சில் கட்டுப்பாடுகள்: உறவை முதலில் சொல்லுங்கள், எண்ணைக் கடைசியில் கொடுங்கள்

கணினியில் பொருள்களை வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருள் கற்கத் தொடங்கும் பலர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். கோடு போட வருகிறது, வட்டம் போட வருகிறது, ஸ்கெட்ச் எனப்படும் அந்தத் தட்டை வரைபடத்துக்குத் தடிமன் கொடுத்துத் திடப்பொருளாக எழுப்பவும் வருகிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து ஏதோ ஓர் அளவை மாற்றியதும் முழு வடிவமும் கோணிக்கொள்கிறது. நடுவில் இருக்க வேண்டிய துளை ஓரத்துக்குப் போய்விடுகிறது, சதுரம் செவ்வகமாகிறது. வரைந்தவர் மனத்தில் இருந்த உறவு ஸ்கெட்சுக்குச் சொல்லப்படாததுதான் காரணம். ‘துளை தகட்டின் நடுவில் இருக்க வேண்டும்’ என்று அவர் நினைத்தார். கோப்பில் இருந்ததோ ‘இடது ஓரத்திலிருந்து 25 மி.மீ.’ என்ற எண் மட்டும்தான். தகடு பெரிதானபோது 25 அப்படியே நின்றது, நடு நகர்ந்துவிட்டது.

அந்த உறவுகளைச் சொல்வதற்காக இருப்பவையே ஜியோமெட்ரிக் கன்ஸ்ட்ரைன்ட்ஸ் எனப்படும் வடிவியல் கட்டுப்பாடுகள். இணை, சமம், சமச்சீர், தொடுகை என்று பள்ளி வடிவியலில் படித்தவைதான், கருவிப்பட்டையில் சிறு படங்களாக நிற்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒரு தகட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரைந்து, ஒவ்வொரு கட்டுப்பாடும் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஃப்ரீகேட் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அது இலவசம், மூலநிரல் திறந்தது, 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், ஆன்ஷேப் பயன்படுத்துபவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். பொத்தான்களின் இடம்தான் மாறும்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் பழகி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோகேடில் முதல் கோட்டையே சரியான நீளத்தில், சரியான இடத்தில் போட்டுப் பழகியிருப்பீர்கள். அங்கே அது நல்ல பழக்கம். ஆட்டோகேடிலும் 2010 பதிப்பு முதல் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்றாலும் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் பழைய முறையில்தான் நடக்கின்றன. ஸ்கெட்ச் வரையும் பகுதியான ஸ்கெட்சரில் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். இங்கே முதலில் தோராயமாக வரைகிறோம், பிறகு உறவுகளைச் சொல்கிறோம், எண்கள் கடைசியில் வருகின்றன.

வரையப் போகும் பொருள்

3டி பிரிண்டர்களிலும் கணினி இயக்கும் சிறிய சிஎன்சி வெட்டு இயந்திரங்களிலும் அதிகம் காணப்படும், நீமா 17 என்ற அளவுள்ள ஸ்டெப்பர் மோட்டாரை (சிறு சிறு படிகளாகச் சுழலும் மோட்டார்)ப் பொருத்துவதற்கான தகடு. இந்த மோட்டாரின் முகம் ஏறத்தாழ 42.3 மி.மீ. சதுரம். நான்கு மூலைகளில் எம்3 (3 மி.மீ.) திருகுத் துளைகள், ஒன்றுக்கொன்று 31 மி.மீ. இடைவெளியில் இருக்கும். நடுவில் 22 மி.மீ. விட்டமுள்ள வட்ட மேடு முகத்திலிருந்து சற்றே மேலெழுந்து நிற்கும். அந்த மேடு உட்கார 22.5 மி.மீ. துளையும், எம்3 திருகு தளர்வாக நுழைய 3.4 மி.மீ. துளைகளும் போதும். தகடு 50 மி.மீ. சதுரமாக இருக்கட்டும்.

இந்தப் பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இதே தகடு நாளை நீமா 23 மோட்டாருக்கும் வேண்டியிருக்கும். அப்போது திரும்ப வரையாமல், சில எண்களை மட்டும் மாற்றி அதைப் பெற முடிகிறதா என்பதுதான் நம் ஸ்கெட்சுக்கு வைக்கும் தேர்வு.

முதலில் ஒரு கணக்கு

கட்டுப்பாடுகளைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகுபவர்கள் எப்போதும் குழம்புவார்கள். எண்ணப் பழகுங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் சுதந்திர இயக்கக் கூறு என்ற கருத்துதான் இங்கே அடிப்படை. ஸ்கெட்சில் ஒரு புள்ளிக்கு 2 இயக்கக் கூறுகள்: இடம் வலமாக ஒன்று, மேல் கீழாக ஒன்று. ஒரு கோட்டுக்கு இரு முனைகள், ஆகவே 4. வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1, ஆக 3. வில்லுக்கு மையமும் ஆரமும் போக, தொடங்கும் கோணம், முடியும் கோணம் இரண்டும் சேர்ந்து 5.

ஒவ்வொரு கட்டுப்பாடும் இவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. இரு புள்ளிகளை ஒன்றாக்கும் கோஇன்சிடென்ட் 2 எடுக்கும். கோட்டைக் கிடையாக்கும் ஹரிசாண்டல், நிமிர்த்தும் வெர்ட்டிகல், இணை, செங்குத்து (இரு கோடுகளை ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிறுத்துவது), சமம், ஒரு புள்ளியைக் கோட்டின்மேல் நிறுத்துவது, இவை ஒவ்வொன்றும் 1. சமச்சீர் 2. நீளம், ஆரம், கோணம் என எண்ணால் தரும் ஒவ்வோர் அளவும் 1. மீதம் பூஜ்யமானால் ஸ்கெட்ச் முழுதாகக் கட்டுண்டது. ஃப்ரீகேடில் அப்போது கோடுகள் பச்சையாகும். சாலிட்வொர்க்ஸில் நீலத்திலிருந்து கறுப்பாகும். மீதம் எத்தனை என்பதை ஃப்ரீகேட் பக்கப் பலகையின் உச்சியிலேயே காட்டுகிறது. அந்த எண்ணைச் சொடுக்கினால் இன்னும் கட்டப்படாமல் நகரக்கூடிய பகுதிகள் தேர்வாகும். புதியவர்கள் அதிகம் கவனிக்காத வசதி இது. எது அவிழ்ந்து கிடக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை.

எண்களை மட்டும் கொடுத்தால் ஏன் போதாது? நான்கு மரச்சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சட்டகம் செய்தவர்களுக்கு இது தெரியும். நீளங்கள் நான்கும் சரியாக இருந்தும் அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். ஸ்கெட்சிலும் அப்படியே. நான்கு பக்கத்துக்கும் 50 என்று எழுதிவிட்டால் சதுரம் வந்துவிடாது.

தகட்டின் வெளிவரம்பு

ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பணிமனையில், திடப்பொருள் உருவாகப் போகும் பாடி ஒன்றை உருவாக்கி, எக்ஸ்‌ஒய் தளத்தில் புதிய ஸ்கெட்ச் திறந்துகொள்ளுங்கள். செவ்வகக் கருவியை எடுத்து, ஆதிப்புள்ளி உள்ளே இருக்கும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். பக்கங்கள் தோராயமாக 40, 60 என்று இருந்தால் போதும். வேண்டுமென்றே சதுரமில்லாமலும், ஆதிப்புள்ளியின் சரிநடுவில் இல்லாமலும் வரையுங்கள். எந்தக் கட்டுப்பாடு எதைத் திருத்துகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மையத்திலிருந்து வரையும் செவ்வகக் கருவியும் இருக்கிறது. கை பழகிய பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.

செவ்வகக் கருவி தானாகவே நான்கு மூலைகளை ஒட்டி, இரண்டு கோடுகளைக் கிடையாகவும் இரண்டை நேர்நிமிர்வாகவும் கட்டிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள்: நான்கு கோடுகள், 16. நான்கு மூலைகள் எடுத்தது 8. கிடை, நிமிர்வு எடுத்தது 4. மீதம் 4. பலகையும் 4 என்றே காட்டும். அந்த நான்கும் என்னவென்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்: அகலம், உயரம், இடம் வலமாக இருக்கும் இடம், மேல் கீழாக இருக்கும் இடம். ஒரு மூலையைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பார்த்தால் நான்கும் தெரியும்.

இப்போது நடுவைச் சொல்வோம். மேல் இடது மூலைப் புள்ளி, கீழ் வலது மூலைப் புள்ளி, கடைசியாக ஆதிப்புள்ளி, இந்த வரிசையில் தேர்ந்தெடுத்துச் சிமெட்ரிக் பொத்தானை அழுத்துங்கள். செவ்வகம் துள்ளி நடுவுக்கு வரும். மீதம் 2. மறுபடி ஒரு மூலையை இழுங்கள். அகலமும் உயரமும் மாறுகின்றன, நடு அசைவதில்லை. ‘நடுவில் இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் இப்போது கோப்பில் இருக்கிறது. அதற்கு ஓர் எண்கூடச் செலவாகவில்லை.

அடுத்து, ஒரு கிடைக்கோட்டையும் ஒரு நிமிர்கோட்டையும் தேர்ந்தெடுத்து ஈக்குவல் கொடுங்கள். மீதம் 1. இழுத்தால் சதுரம் சதுரமாகவே விரிந்து சுருங்கும். கடைசியாக ஒரே ஒரு பக்கத்துக்கு 50 என்று நீளம் கொடுங்கள். மீதம் பூஜ்யம், பச்சை.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் இழுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண் குறைவது கட்டுப்பாடு சேர்ந்ததைக் காட்டும். நீங்கள் நினைத்ததுதான் சேர்ந்ததா என்பதை இழுத்துப் பார்த்தால் மட்டுமே அறியலாம்.

துளைகள்

நடுத்துளை எளிது. ஆதிப்புள்ளியின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் கோஇன்சிடென்ட் அடையாளம் சுட்டியருகே தோன்றும். அங்கே சொடுக்கி வட்டம் வரைந்தால் மையம் தானே ஒட்டிக்கொள்ளும். வட்டத்தின் 3ல் 2 போயிற்று. விட்டம் 22.5 கொடுத்தால் மீதி 1ம் போகும்.

நான்கு மூலைத் துளைகளில்தான் நல்ல ஸ்கெட்சும் மோசமான ஸ்கெட்சும் பிரிகின்றன. புதியவர்கள் ஒவ்வொரு துளைக்கும் இடது ஓரத்திலிருந்து ஓர் அளவு, கீழ் ஓரத்திலிருந்து ஓர் அளவு, ஒரு விட்டம் என்று கொடுப்பார்கள். நான்கு துளைக்கு 12 எண்கள். ஸ்கெட்ச் பச்சையாகும், அச்சிட்ட பொருளும் சரியாக இருக்கும். ஆனால் மோட்டார் தயாரிப்பாளர் தருகிற 31 என்ற எண் அந்தப் பன்னிரண்டில் எங்குமே இருக்காது. 9.5, 40.5 என்று நாம் கழித்துக் கண்டுபிடித்த எண்கள்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கிறவருக்கு 9.5 எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

வேறு வழி: 31 மி.மீ. சதுரம் ஒன்றைத் துணைக்கோடுகளாக வரைந்து, அதன் மூலைகளில் துளைகளை நிறுத்துவது. இன்னொரு செவ்வகம் வரைந்து, அதன் நான்கு கோடுகளையும் தேர்ந்தெடுத்து, கன்ஸ்ட்ரக்‌ஷன் பொத்தானை அழுத்துங்கள். கோடுகள் நிறம் மாறித் துணைக்கோடுகளாகும். இவை ஸ்கெட்சில் மட்டும் இருக்கும், திடப்பொருளில் வராது. வெளிச் சதுரத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்யுங்கள்: எதிர் மூலைகள் ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீர், அடுத்தடுத்த பக்கங்கள் சமம், ஒரு பக்கம் 31.

பிறகு நான்கு மூலைகளிலும் சிறு வட்டங்கள். நான்கு வட்டங்களுக்கு 12 இயக்கக் கூறுகள். மையங்கள் மூலைகளில் ஒட்டியதும் 8 போய் 4 மீதம். நான்கு வட்டங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஈக்குவல் கொடுத்தால் 3 போகும். ஏதாவது ஒரு வட்டத்துக்கு விட்டம் 3.4. முடிந்தது.

முழு ஸ்கெட்சிலும் இப்போது எண்கள் நான்குதான்: 50, 22.5, 31, 3.4. நான்கும் மோட்டாரின் தரவுத்தாளோ நம் முடிவோ நேரடியாகத் தந்த எண்கள். ஒரு ஸ்கெட்சில் கழித்தும் வகுத்தும் பெற்ற எண்கள் மிகுந்திருந்தால், எங்கோ சொல்ல வேண்டிய உறவு சொல்லப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள். என் பார்வையில் இந்தக் கலையில் கற்க வேண்டியவற்றில் முதன்மையானது இதுதான்.

கட்டுப்பாடு மிகுந்துபோனால்

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். வெளிச் சதுரத்தின் உயரத்துக்கும் 50 கொடுங்கள். ஃப்ரீகேட் எச்சரிக்கும்: கட்டுப்பாடு மிகையானது. அகலம் 50, இரண்டும் சமம் என்று சொன்னபின் உயரம் 50 என்பது புதிய செய்தி அல்ல. அதையே 60 என்று மாற்றுங்கள். இப்போது செய்தி வேறு: கட்டுப்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அகலம் 50, அகலமும் உயரமும் சமம், உயரம் 60 ஆகிய மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலாவது, சொன்னதையே திரும்பச் சொல்வது. இன்று தீங்கில்லாதது போலிருக்கும். ஆனால் நாளை அகலத்தை 60 ஆக்கினால் அதுவே முரணாகிவிடும். எச்சரிக்கைச் செய்தியைச் சொடுக்கினால் சிக்கலில் உள்ள கட்டுப்பாடுகள் தேர்வாகும். உடனே அழித்துவிடாமல், எது என் எண்ணத்தைச் சொல்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். சதுரம் என்பதுதான் எண்ணம் என்றால் சமம் நிற்க வேண்டும், 60 போக வேண்டும். செவ்வகமாக இருக்கலாம் என்றால் சமத்தை எடுத்துவிடுங்கள்.

மிகைக் கட்டுப்பாடு எதிர்பாராத இடங்களிலிருந்தும் வரும். செவ்வகத்தின் எதிர்ப் பக்கங்களுக்கு இணை என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஏற்கெனவே கிடையாக இருப்பதால் அவை இணையாக இருந்தே தீரும்; ஆகவே மிகை. மூலைகளுக்குச் செங்குத்து கொடுத்தாலும் அப்படித்தான். இதனால்தான் வெறும் எண்ணிக்கையில் முழு நம்பிக்கை வைக்கக் கூடாது. 16 கூறுகளுக்கு 16 கட்டுப்பாடுகள் போட்டும், அவற்றில் ஒன்று மிகையாக இருந்தால், இன்னும் ஒரு கூறு அவிழ்ந்தே கிடக்கும். மென்பொருள் பார்ப்பது கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையை அல்ல. அவற்றுள் ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் எத்தனை என்பதை.

தானாக ஒட்டும் கட்டுப்பாடுகளும் இங்கே காரணமாவதுண்டு. ஏறக்குறையக் கிடையாக ஒரு கோடு போட்டால் மென்பொருள் அதற்கு ஹரிசாண்டல் போட்டுவிடும். அச்சுக்கோட்டின்மேல் ஒரு முனை விழுந்தால் அங்கே ஒட்டிவிடும். பெரும்பாலும் உதவிதான். ஆனால் 2 பாகை சாய்வான கோடு வேண்டுமென்றால், முதலில் 20 பாகை சாய்த்து வரைந்து, பிறகு கோண அளவால் 2க்குக் கொண்டுவாருங்கள்.

வடிவம் ஏன் திடீரென்று புரண்டுவிடுகிறது

ஓர் அளவை மாற்றியதும் முக்கோணம் தலைகீழாகிவிட்டது, வட்டத்துக்கு வெளியே தொட்ட கோடு மறுபக்கம் போய்விட்டது என்று புதியவர்கள் திகைப்பார்கள். மென்பொருளின் உள்ளே நடப்பது தெரிந்தால் திகைப்பு இருக்காது.

நீங்கள் போடும் ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு சமன்பாடாகவோ சில சமன்பாடுகளாகவோ மாறுகிறது. இரு புள்ளிகளுக்கு இடையே 30 மி.மீ. என்றால், கிடைத்தூரத்தின் வர்க்கமும் நிலைத்தூரத்தின் வர்க்கமும் கூடி 900. வர்க்கம் வந்தால் இரண்டு விடைகள் வரும்: புள்ளி மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். இரண்டுமே உங்கள் கட்டுப்பாட்டை நிறைவேற்றுகின்றன. எதை எடுப்பது? சால்வர் எனப்படும் தீர்ப்பான், வடிவம் இப்போது இருக்கும் நிலையிலிருந்து தொடங்கி, படிப்படியாக நகர்ந்து விடைக்கு வருகிறது. பெரும்பாலும் அருகில் உள்ள விடை கிடைக்கும். ஒரே அடியில் 10ஐ 200 ஆக்கினால் ‘அருகில்’ என்பதே மாறிப்போகும்.

இந்த எண்ணம் கணினி வரைகலையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1963ல் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் கோணலாக வரைந்த நாற்கரத்தைக் கட்டுப்பாடுகள் கொடுத்துச் சரியான வடிவத்துக்கு இழுத்து நிறுத்தியது. லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் ஓடியது அது. தோராயமாக வரை, உறவைச் சொல், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்ற நம் முறை அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே செய்து காட்டப்பட்டதுதான்.

இதிலிருந்து மூன்று பழக்கங்கள் கிடைக்கின்றன. வரையும்போதே உண்மை அளவுக்கு அருகில் வரையுங்கள், 50 மி.மீ. தகட்டுக்கு 500 மி.மீ. செவ்வகம் வேண்டாம். பெரிய மாற்றம் செய்ய வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடிகளில் செய்யுங்கள். உறவுகளை முதலில் கட்டி எண்களைக் கடைசியில் கொடுங்கள். அவிழ்ந்து கிடக்கும் ஸ்கெட்சுக்கு எண் கொடுத்தால், எந்தப் பக்கம் நகர்வது என்பதைத் தீர்ப்பான் தன் விருப்பப்படி முடிவு செய்யும். இன்னொன்றும் உண்டு: 0 பாகை, 180 பாகை என்று கோண அளவு கொடுக்காதீர்கள். அதற்கு இணை இருக்கிறது. ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்றால் முனைப்புள்ளிகளை அந்தக் கோட்டின்மேல் நிறுத்துங்கள்.

துளையை நீள்துளையாக்குதல்

மோட்டாரில் பெல்ட் மாட்டினால் அதை இழுத்து விறைப்பாக்க மோட்டார் சற்று நகர வேண்டும். ஆகவே வட்டத் துளைகள் நீள்துளைகளாக வேண்டும். பெல்ட் கிடையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், 4 மி.மீ. நகர்வு போதும். ஸ்கெட்சை நகலெடுத்து, சிறு வட்டங்களை அழித்துவிட்டு, ஸ்லாட் கருவியால் ஒரு மூலையருகே ஒரு நீள்துளை வரையுங்கள்.

ஸ்லாட்டின் உள்ளமைப்பைக் கவனியுங்கள். இரண்டு கோடுகள், இரண்டு விற்கள்: 8ம் 10ம், மொத்தம் 18. நான்கு சந்திப்புகளிலும் தொடுகைக் கட்டுப்பாடு இருக்கிறது. முனையோடு முனை சேரும் தொடுகை, ஒட்டுவதற்கு 2ம் வழவழப்பாக இணைவதற்கு 1ம் என 3 எடுக்கும். 12 போய் 6. விற்களின் ஆரங்கள் சமம், 5. இந்த ஐந்தும் நீள்துளையின் இடம் இரண்டு, சாய்வு ஒன்று, நீளம் ஒன்று, ஆரம் ஒன்று.

இனி கட்டுவோம். ஒரு கோட்டுக்கு ஹரிசாண்டல். கருவியே போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இரு விற்களின் மையங்களையும் 31 மி.மீ. துணைச்சதுரத்தின் மூலையையும் தேர்ந்தெடுத்துச் சமச்சீர். இப்போது நீள்துளையின் நடு, திருகின் இடத்தில் நிற்கிறது. ஆரம் 1.7, விற்களின் மையங்களுக்கு இடையே 4. அடுத்த மூன்று நீள்துளைகளுக்கு எண்ணே வேண்டாம்: வில் முதல் வில்லுக்குச் சமம், நேர்க்கோடு முதல் நேர்க்கோட்டுக்குச் சமம், ஹரிசாண்டல், தன் தன் மூலையில் சமச்சீர்.

நடுத்துளையை மறந்துவிடாதீர்கள். மோட்டார் நகர்ந்தால் 22 மி.மீ. மேடும் சேர்ந்தே நகரும். அதையும் நீள்துளையாக்கி, ஹரிசாண்டல் கொடுத்து, ஆதிப்புள்ளியில் சமச்சீராக்கி, ஆரம் 11.25 கொடுத்து, அதன் நேர்க்கோட்டையும் மற்ற நேர்க்கோடுகளுக்குச் சமமாக்குங்கள். இப்போது 4 என்ற ஒரே எண் ஐந்து துளைகளையும் ஆள்கிறது. 6 மி.மீ. நகர்வு தேவைப்பட்டால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

எண்களுக்குப் பெயர், நீமா 23க்கு மாற்றம்

முதல் ஸ்கெட்சுக்கே திரும்புவோம். 31 என்ற அளவை இருமுறை சொடுக்கினால் திறக்கும் பெட்டியில் பெயர் எழுதவும் இடமிருக்கிறது. அதற்கு ‘பிட்ச்’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். பிறகு 50 என்ற அளவைத் திறந்து, மதிப்புப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறு நீல வட்டத்தைச் சொடுக்குங்கள். சூத்திரம் எழுதும் பெட்டி வரும். கன்ஸ்ட்ரைன்ட்ஸ், ஒரு புள்ளி, பிட்ச், கூட்டல் 19 மி.மீ. என்ற பொருளில் எழுதுங்கள். அலகையும் எழுத வேண்டும். வெறும் 19 என்றால் நீளத்தோடு எண்ணைக் கூட்ட முடியாது என்று மென்பொருள் மறுக்கும். தகட்டின் பக்கம் இனித் துளை இடைவெளியைத் தொடர்ந்து வரும்.

கூடவே, நடுத்துளைக்கும் திருகுத் துளைக்கும் இடையே எவ்வளவு உலோகமோ பிளாஸ்டிக்கோ மிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குறிப்பு அளவு வைத்துக்கொள்ளலாம். ரெஃபரன்ஸ் முறைக்கு மாற்றி, ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு திருகுத் துளையின் மையத்துக்கு அளவு போட்டால் 21.92 என்று காட்டும். இது எதையும் கட்டாது, அளந்து மட்டும் சொல்லும். அதிலிருந்து இரு ஆரங்கள், 11.25ம் 1.7ம் போனால் மிஞ்சுவது 8.97 மி.மீ. கவலையில்லை.

இப்போது தேர்வு. நீமா 23 மோட்டாரின் துளை இடைவெளி 47.14 மி.மீ., மேட்டின் விட்டம் 38.1. எம்5 திருகு போடுவோம், அதற்கு 5.5 மி.மீ. துளை. பிட்ச் 47.14, நடுத்துளை 38.6, திருகுத் துளை 5.5 என்று மூன்று எண்களை மாற்றுங்கள். தகடு தானாக 66.14 ஆகிவிடும், 56.4 மி.மீ. முகமுள்ள அந்த மோட்டார் அதில் வசதியாக உட்காரும். குறிப்பு அளவு 33.33 என்று மாறியிருக்கும். மிஞ்சும் சுவர் 11 மி.மீ.க்குச் சற்று மேல். எந்தத் துளையும் ஓடவில்லை, எந்த மூலையும் பிரியவில்லை. பன்னிரண்டு எண்களோடு வரைந்த ஸ்கெட்சில் இதைச் செய்து பார்த்தால் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

பச்சை நிறம் வர வேண்டும் என்பதற்காக மட்டும் லாக், பிளாக் கட்டுப்பாடுகளைப் போட்டு வடிவத்தை உறைய வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாலிட்வொர்க்ஸில் முழு ஸ்கெட்சையும் தானாக அளவிட்டுவிடும் கட்டளையே இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமாகும், எண்ணம் எதுவும் பதியாது. வெளியிலிருந்து வந்த வளைவையோ ஒரு சின்னத்தையோ அசையாமல் வைக்க பிளாக் சரியான கருவி. நீங்களே வரைந்த தகட்டுக்கு அது வேண்டாம்.

மூலைகளை உருட்டும் ஃபில்லெட்டை ஸ்கெட்சிலேயே போடாதீர்கள். கூர்மூலை போய்விட்டால், அதை நம்பியிருந்த சமச்சீரும் சமமும் குழம்பும். திடப்பொருளாக எழுப்பிய பிறகு முப்பரிமாண ஃபில்லெட் கொடுப்பது சுலபம்; வேண்டாமென்றால் அதை மட்டும் நிறுத்தியும் வைக்கலாம்.

ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுத்து எழுப்பும் பேட் கட்டளை தோற்று, வடிவம் மூடப்படவில்லை என்று வந்தால், இரு முனைகள் ஒட்டியதுபோல் தோன்றி ஒட்டாமல் இருக்கின்றன என்று பொருள். ஸ்கெட்ச் மெனுவில் இருக்கும் வேலிடேட் ஸ்கெட்ச், விடுபட்ட ஒட்டுகளைத் தேடித் தரும்.

ஒரே ஸ்கெட்சில் எல்லாவற்றையும் அடைக்கவும் வேண்டாம். நூறு கட்டுப்பாடுகள் உள்ள ஒரு ஸ்கெட்சைவிட இருபது இருபதாக உள்ள நான்கு ஸ்கெட்சுகளைத் திருத்துவது எளிது. தீர்ப்பானுக்கும் வேலை குறைவு.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். முழுதாகப் பச்சையாக இருக்கும் பிறரது ஸ்கெட்ச் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு கட்டுப்பாட்டை அழிப்பதற்கு முன், எத்தனை இயக்கக் கூறுகள் திரும்பும், எந்தப் பகுதி எந்தத் திசையில் நகரும் என்று தாளில் எழுதுங்கள். அழியுங்கள். பலகையில் எண்ணைப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். எழுதியது பொருந்தவில்லை என்றால் செயலைத் திரும்பப் பெற்று, அந்தக் கட்டுப்பாடு வேறு எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று தேடுங்கள். இப்படி ஒவ்வொன்றாக ஸ்கெட்ச் முழுவதையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.